தேமலும் இல்ல, மஞ்சக்காமாலையும் இல்ல

"புடுங்கி எரிச்சுடும்மா."

என் குரோட்டன்ஸைப் பாத்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை இது. செருப்புகூட இன்னும் கழட்டல.

பொண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க ஊர்லேர்ந்து வந்தாரு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம். நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே ஈர வயல்ல உளுந்தை வெதைச்சு விடுவாங்களே, அந்த ஊரு. பயிரைப் பாத்தே நோயைச் சொல்ற ஆளு. வாசப்படி ஏறும்போதே ஓரத்துல இருக்கற தொட்டி அவர் கண்ணுல பட்டுடுச்சு.

அந்தத் தொட்டியில இருக்கறது கோல்ட் டஸ்ட். குரோட்டன்ஸ்ல ஒரு ரகம். நல்ல கரும்பச்சை இலை, அது மேல மஞ்சத் தண்ணி தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா. ஒரு இலையில இருக்கற புள்ளி இன்னொரு இலையில இருக்காது. சில இலையில பத்துப் பதினஞ்சு, சில இலையில பச்சையத் தேடணும்.

"முத்தின தேமல்மா இது. பக்கத்துல வெண்டைச் செடி வேற வெச்சிருக்க. இந்நேரம் ஈ கொண்டு போய்ச் சேத்துருக்கும்."

"இல்ல மாமா, அது பொறப்பே அப்படித்தான். அந்தப் புள்ளிக்காகத்தான் காசு குடுத்து வாங்கினேன்."

"சீக்குச் செடியைக் காசு குடுத்து வாங்குனியா?"

அத்தை பின்னாடியே ஏறி வந்தாங்க. "வந்ததும் வராததுமா புள்ளையத் திட்டாதீங்க"ன்னாங்க. ஆனா அவங்களும் இலையை ஒரு தடவை திருப்பிப் பாத்துட்டுத்தான் உள்ள போனாங்க.

எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா காபி போட்டுக்கிட்டே யோசிச்சா, மாமா சொல்றதுல நியாயம் இருக்கு. அவர் வாழ்க்கை பூரா, பச்சை இலையில மஞ்சள் விழுந்தா அது நஷ்டம். உளுந்துல மஞ்சள் தேமல் நோய்னு ஒண்ணு வரும். வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியில உறிஞ்சிட்டு அடுத்த செடியில போய் உக்காரும், அதோட சேந்து நோயும் போய் உக்காரும். முதல்ல இலையில அங்கங்க மஞ்சள் திட்டு. அப்புறம் இலை முழுக்க மஞ்சள். காய் புடிக்கறது குறையும், புடிச்ச காயும் சிறுத்துப் போகும். மருந்தடிச்சு வைரஸைக் கொல்ல முடியாது. ஈயை அடிக்கலாம், இல்லேன்னா நோய் வந்த செடியை ஆரம்பத்துலயே புடுங்கலாம், அதுவும் இல்லேன்னா தாங்கற ரகமா வெதைக்கலாம். (புதுக்கோட்டைப் பக்கம் வம்பன்ல பயறு ஆராய்ச்சி மையம் இருக்குல்ல, அங்கேர்ந்து அப்படிப்பட்ட ரகமெல்லாம் வந்திருக்கு. மாமா வம்பன் உளுந்துதான் போடுவாரு.)

வெண்டைக்கு இதே கதை, பேரு மஞ்சள் நரம்புத் தேமல். நரம்பு மட்டும் மஞ்சளாகி, வலை விரிச்சுடும். மரவள்ளிக்கும் தேமல் உண்டு. சேலம், நாமக்கல் ஆளுங்களைக் கேட்டா சொல்லுவாங்க. அந்த மரவள்ளிதான் என் குரோட்டன்ஸுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், குப்பைமேனி, குரோட்டன்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். அதனால "மரவள்ளிக்கு வரும், இதுக்கு வராதா?"ன்னு மாமா கேட்டா, கேள்வி தப்பே இல்ல.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. சீக்குச் செடியைக் காசு குடுத்து வாங்கறதுங்கறது உலகத்துல நடக்காத கூத்து இல்ல. ஹாலந்துக்காரங்க 1630-கள்ல ட்யூலிப் கிழங்குக்காகச் சொத்தை எழுதி வெச்சாங்களே, அதுல ரொம்ப விலைக்குப் போனது எது தெரியுமா? ஒரே கலர் பூ இல்ல. வெள்ளையில செவப்பு கீத்து, மஞ்சள்ல ஊதா கீத்துன்னு கலர் உடைஞ்ச பூ. 1637 பிப்ரவரியில சந்தை படுத்துடுச்சு. அந்தக் கீத்துக்குக் காரணம் அசுவினி பரப்பற ஒரு வைரஸ்னு 1920-கள்லதான் கண்டுபுடிச்சாங்க. நோய் வந்த கிழங்கு வருஷத்துக்கு வருஷம் சோந்து போகும். அழகுன்னு நெனச்சு, நோயைப் பொத்திப் பொத்தி வளத்திருக்காங்க!

நம்ம துத்திக்கு ஒரு சொந்தக்காரச் செடி இருக்கு. அபுடிலான் வகைதான். மஞ்சள் பச்சை கட்டம் போட்ட இலைன்னு இங்கிலீஷ்காரங்க ஆசையா வளத்தாங்க. அதுவும் வைரஸ்தான்.

காபியைக் குடுத்துட்டு இதையெல்லாம் மாமாகிட்ட சொன்னேன். விளைவு? "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னுட்டாரு.

சரி, அப்ப குரோட்டன்ஸ் புள்ளி நோய் இல்லன்னு எப்படிச் சொல்றது?

இலையைத் தொட்டுப் பாருங்க. தடிமனா, பளபளன்னு, சுருக்கமே இல்லாம இருக்கும். தேமல் வந்த இலை பெரும்பாலும் சுருங்கும், மேடு பள்ளமாகும், செடி குட்டையாகும். இங்க செடி ஜம்முனு வளருது. பக்கத்து வெண்டைக்கு ஒண்ணும் ஆகல (இதை மாமாவே நாலு செடியையும் திருப்பித் திருப்பிப் பாத்து ஒத்துக்கிட்டாரு). ஆனா அவரை அசைச்சது வேற ஒண்ணு. ஒட்டுக் கட்டின குரோட்டன்ஸ்.

சில நர்சரியில பாத்திருப்பீங்க. ஒரே அடிமரம், ஒரு கிளையில செவப்பு இலை, ஒரு கிளையில புள்ளி இலை, ஒண்ணுல ஒல்லி இலை. ஒவ்வொரு கிளையும் அதது கலர்லயே நிக்கும். வைரஸா இருந்தா ஒட்டு வழியா அடிமரத்துக்கும் மத்த கிளைக்கும் சாறோட பரவிடணும். ட்யூலிப்ல இருக்கறது தொத்து நோய்தான்னு காட்டினதும் கிழங்கோட கிழங்கை ஒட்டுப் போட்டுத்தான். ஒட்டுங்கற வார்த்தை மாமாவுக்குப் புரியற பாஷை. மாங்கன்னு ஒட்டுக் கட்டினவரு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப இது ரகக் குணம்"ன்னாரு.

அதேதான். ரகக் குணம். அந்தப் புள்ளி இருக்கற எடத்துல பச்சையம் கம்மி. பச்சையம் மறைச்சு வெச்சிருந்த மஞ்சள் நிறமி வெளிய தெரியுது. செவப்பு, ஊதாவெல்லாம் வர்ற ரகத்துல ஆந்தோசயனின்னு இன்னொரு நிறமி வேலை பாக்குது. பெட்ராங்கற ரகத்துல இலை பச்சையாப் பொறந்து, நரம்பு மஞ்சளாகி, வயசாக வயசாக ஆரஞ்சு, செவப்புன்னு மாறும். கீழ் இலையும் மேல் இலையும் ஒரே செடியோடதான்னு நம்பவே முடியாது. கோல்ட் டஸ்ட்ல அந்த நாடகம் கம்மி. பச்சை, மஞ்சள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் புடிக்குது. பெட்ரா கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி (பெட்ரா வெச்சிருக்கவங்க அடிக்க வராதீங்க).

மாமா பிரச்சினை முடிஞ்சுது. ஆனா எனக்கு ரொம்ப நாளா இன்னொரு கடுப்பு இருக்கு. மாமா நோய்னு சொன்னது பரவாயில்ல, அவர் செடியைப் பாத்துத்தான் சொன்னாரு. "குரோட்டன்ஸா? அது ஆபீஸ் செடியாச்சே"ன்னு மூக்கைச் சுழிக்கறவங்களைத்தான் என்னால தாங்க முடியல.

ஆமா, ஆபீஸ் செடிதான். தாலுகா ஆபீஸ் வாசல், போலீஸ் ஸ்டேஷன் வாசல், ரயில்வே பிளாட்பாரம், ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளிய காவி அடிச்ச தொட்டி. எங்கயும் இதுதான். யாரும் உரம் போடறதில்ல. பியூன் லீவுன்னா தண்ணியும் கெடையாது. மிச்ச டீயை ஊத்துவாங்க, வெத்தலை துப்புவாங்க, பீடியை அணைப்பாங்க. இத்தனையும் தாங்கிக்கிட்டு கலர் மாறாம நிக்குது. இதைக் கேவலமாப் பேச என்ன இருக்கு? வேற எந்தச் செடி இந்தப் பரீட்சை எழுதியிருக்கு?

அதே ஆளுங்க வேரிகேட்டட் மான்ஸ்டெரான்னு ஒரு இலை, ஒரு கணு இருக்கற குச்சிக்கு ஆயிரக்கணக்குல குடுப்பாங்க. பச்சை இலையில வெள்ளைத் திட்டு, அதுக்கு அந்த வெலை. நியூசிலாந்துல 2021-ல வேரிகேட்டட் ரஃபிடோஃபோரா ஒண்ணு ஆன்லைன் ஏலத்துல 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போச்சு. ஒரு தொட்டிச் செடி! இத்தனைக்கும் அந்த வெள்ளை நிரந்தரம் இல்ல. அந்த மாதிரி செடியில வளர்ற நுனியிலயே ஒரு பக்கம் பச்சை செல், ஒரு பக்கம் வெள்ளை செல்னு கலந்து இருக்கும். புதுக் கிளை பச்சைப் பக்கத்துலேர்ந்து வந்துட்டா அப்புறம் பூரா பச்சை. வெள்ளைப் பக்கத்துலேர்ந்து வந்தா பூரா வெள்ளை, பச்சையம் இல்லாம சாப்பாட்டுக்கு வழியில்லாமப் போய்ச் சேரும். லட்ச ரூபா குச்சியை வெச்சுக்கிட்டு அடுத்த இலை எப்படி வருமோன்னு ராத்திரி தூக்கம் இல்லாம இருக்கணும்.

குரோட்டன்ஸ்ல அந்தக் கவலை ரொம்பக் கம்மி. கோல்ட் டஸ்ட்லேர்ந்து எந்தக் குச்சியை வெட்டி வெச்சாலும் புள்ளியோடதான் வரும். எப்பவாவது ஒரு கிளை மட்டும் வேற தினுசுல கெளம்பும். அப்படிக் கெளம்பினதைத் தனியா எடுத்து வெச்சுத்தான் புது ரகம் நெறைய வந்திருக்கு. வெதை போட்டா கதையே வேற, தாய் மாதிரி புள்ளை வராது, ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. அதான் குரோட்டன்ஸ் ரகத்தை எண்ணி மாளாது. ("குரோட்டன்ஸ் பூக்குமா?"ன்னு கேக்கறவங்களுக்கு: பூக்கும். நீளமான காம்புல பொடிப் பொடியா வெள்ளைப் பூ. ஆண் பூ தனிக் கொத்து, பெண் பூ தனிக் கொத்து. இலை போடற ஆட்டத்துல யாரும் பூவைக் கவனிக்கறதில்ல.)

இப்ப வளக்கற விஷயத்துக்கு வரேன். இதுல நான் கொஞ்சம் வெளையாடிப் பாத்திருக்கேன்.

தாய்ச்செடி ஒண்ணுலேர்ந்து எடுத்த குச்சிங்களை வேற வேற எடத்துல வெச்சேன். ஒண்ணு ஹால்ல, டிவி பக்கத்துல. ஒண்ணு வடக்குப் பாத்த பால்கனியில. ஒண்ணு கிழக்கு வெயில் விழற வாசப்படி ஓரம். ஒண்ணு மொட்டை மாடியில, எந்த மறைப்பும் இல்லாம. ரகம் ஒண்ணு, மண்ணு ஒண்ணு, வெளிச்சம் மட்டும்தான் வேற.

ஹால் செடி புதுசா விட்ட இலையில புள்ளி சின்னதாகி, எண்ணிக்கை கொறைஞ்சு, கடைசியில கிட்டத்தட்ட வெறும் பச்சை. அதோட விட்டுச்சா? கீழ் இலையை ஒவ்வொண்ணாக் கழட்டிப் போட்டு, உச்சியில மட்டும் ஒரு கொத்தோட நின்னுச்சு. வெளிச்சம் பத்தலன்னா செடி என்ன பண்ணும்? கெடைக்கற வெளிச்சத்தைப் புடிக்க பச்சையத்தைக் கூட்டும். புள்ளி அதுக்கு ஆடம்பரம்.

பால்கனி செடி சுமார். உயிரோட இருந்துச்சு, அழகா இல்ல.

மொட்டை மாடி செடிக்கு மாசி, பங்குனி வரைக்கும் ராஜ வாழ்க்கை. புள்ளி ஒவ்வொண்ணும் பளிச்சுனு. சித்திரைக் கத்திரி வந்ததும் மத்தியானம் துவண்டு விழும், சாயங்காலம் தண்ணி ஊத்தினா எந்திரிக்கும். அப்புறம் இலை ஓரம் கருக ஆரம்பிச்சுது. தரைச் சூட்டுல தொட்டிக்குள்ள வேர் வெந்துடும்னு எடுத்துப் பச்சை வலைக்கு அடியில வெச்சேன், தேறிடுச்சு. (இதே செடி நெலத்துல இருந்தா வெயிலை இன்னும் நல்லாத் தாங்கும். தெருமுனை பிள்ளையார் கோயில் சுவரோரம் ஒண்ணு ஆள் ஒசரத்துக்கு நிக்குது, அதுக்கு யார் வலை கட்டினாங்க?)

வாசப்படி செடிதான் மாமா பாத்தது. காலை வெயில் முழுசா, மத்தியானத்துக்கு மேல சுவர் நெழல். சென்னை மாதிரி ஊருக்கு இதுக்கு மேல வேணாம்.

அதனால "இன்டோர் பிளான்ட்"னு அட்டை ஒட்டி குரோட்டன்ஸை விக்கறவங்களை நம்பாதீங்க. குளிர் நாட்டுல அது வீட்டுக்குள்ளதான் இருக்கணும், வேற வழியில்ல. பத்து டிகிரிக்குக் கீழ போனா அதுக்கு ஒத்துக்காது, இலையைக் கொட்டிடும். ஊட்டியில இருக்கவங்க உள்ள வெச்சுக்கங்க, ஜன்னல் ஓரமா. சமவெளியில இருக்கற நமக்கு என்ன தலையெழுத்து? வெளிய வைங்க. அதுலயும் ஏசி ரூம்ல வைக்கறது கொடுமை. இது ஈரக்காத்துல வளந்த செடி. ஏசி ஈரத்தை உறிஞ்சி எடுக்குது.

வாங்கிட்டு வந்த புதுசுல இலை கொட்டும். பயப்படாதீங்க. குரோட்டன்ஸுக்கு எடம் மாத்தினா புடிக்காது. வெளிச்சம் மாறினாலும், வேர் அசைஞ்சாலும், தண்ணி முன்னப்பின்ன ஆனாலும் இலையைப் போட்டுத்தான் கோவத்தைக் காட்டும். அந்த நேரத்துல "அய்யோ"ன்னு இன்னும் ரெண்டு எடம் மாத்தி, கூடத் தண்ணி ஊத்தி, ஒரு கை உரமும் போட்டா செடி நெஜமாவே போயிடும். ஒரே எடத்துல வெச்சுட்டு சும்மா இருங்க. குச்சியை நகத்தால லேசாக் கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா தளிர் வரும்.

மண்ணு பத்தி ஒண்ணு. நம்ம ஊர் நர்சரிக்கு வர்ற செடியில நெறைய ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துல கடியம்னு ஒரு ஊர்லேர்ந்து லாரியில வருது. ஊரே நர்சரி. லாரிப் பயணத்துக்குத் தாங்கணும்னு வேரைச் சுத்தி இறுகின களிமண் வெச்சிருப்பாங்க. அப்படியே தொட்டியில எறக்கினா நடுவுல அந்த உருண்டை மட்டும் தண்ணியே குடிக்காம கல்லாட்டம் நிக்கும், சுத்தி இருக்கற மண்ணு நனைஞ்சிருக்கும். நான் ஒரு பக்கெட் தண்ணியில ஊறவெச்சு, வேர் அறுபடாம பாதிக் களிமண்ணைக் கரைச்சுட்டுத்தான் நடறேன். செம்மண், மக்கின எரு, கொஞ்சம் தேங்கா நார்க் கழிவு. தண்ணி நிக்கக் கூடாது, அது ஒண்ணுதான் முக்கியம்.

புள்ளிச் செடி வெச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். கோல்ட் டஸ்ட்ல சிலந்திப்பேன் வந்தா சட்டுனு தெரியாது! சிலந்திப்பேன் இலைக்கு அடியில உக்காந்து உறிஞ்சும், மேல பொடிப் பொடியா வெளிறின புள்ளி விழும். பச்சைச் செடின்னா உடனே கண்ணுல படும். இங்கதான் ஏற்கெனவே இலை பூரா புள்ளியாச்சே. நிஜப் புள்ளிக்கு ஓரம் தெளிவா இருக்கும், பளபளப்பு போகாது. பேன் புள்ளி ஊசி முனை அளவுல, மங்கலா, இலையே தூசி படிஞ்சு கெடக்கற கணக்கா இருக்கும். சந்தேகம்னா ஒரு வெள்ளைத்தாளை அடியில புடிச்சு இலையைத் தட்டுங்க. விழுந்த தூசி நடந்தா, அது தூசி இல்ல.

வந்தாச்சுன்னா முதல் மருந்து தண்ணிதான். இலைக்கு அடியில படற மாதிரி பீச்சி அடிங்க, தொடர்ந்து சில நாள். அடங்கலன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா. வெயில்ல அடிச்சா இலை கருகும். மாவுப்பூச்சிக்கும் இதேதான். ஆனா அது இலைக்காம்பு இடுக்குல ஒளிஞ்சுக்கும், பழைய பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்கணும். செடியில எறும்பு வரிசையாப் போச்சுன்னா மேல பெரும்பாலும் மாவுப்பூச்சி இருக்கும்.

சரி, இந்தச் செடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு நாள் தேட ஆரம்பிச்சு, ராத்திரி ரொம்ப நேரம் ஆயிடுச்சு.

சொந்த ஊரு இந்தோனேசியா, மலேசியா, ஆஸ்திரேலியாவோட வடக்கு, பசிபிக் தீவுங்க. அங்க ஆதியிலேர்ந்தே ஜனங்க வீட்டோரம் நட்டு வெச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஜாவாவுல இன்னிக்கும் கல்லறைக்குப் பக்கத்துல நடுவாங்க. மொலுக்காஸ் தீவுகள்ல அம்போன்னு ஒரு எடம். டச்சுக் கம்பெனி வேலைக்கு அங்க போன ரம்ஃபியஸ்ங்கற ஜெர்மன்காரர் அந்தத் தீவு செடிகொடி எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சாரு. 1670-ல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. நிறுத்தல. மத்தவங்க எழுத, இவர் சொல்லச் சொல்ல வேலை நடந்துச்சு. 1674-ல பூகம்பம், மனைவியும் ஒரு மகளும் போயிட்டாங்க. 1687-ல தீ விபத்து, வரைஞ்சு வெச்ச படமெல்லாம் சாம்பல். மறுபடி ஆள் வெச்சு வரைய வெச்சாரு. 1692-ல கையெழுத்துப் பிரதி ஏத்திட்டுப் போன கப்பலை பிரெஞ்சுக்காரங்க மூழ்கடிச்சுட்டாங்க. நல்லவேளை, பிரதி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தாங்க. ஒருவழியா ஹாலந்து போய்ச் சேந்தா, மசாலா வியாபார ரகசியம் வெளிய போயிடும்னு கம்பெனி அதை அச்சுக்கே விடல. 1702-ல மனுஷன் செத்துப் போனாரு. புத்தகம் வந்தது 1741-லேர்ந்து.

அந்தப் புத்தகத்துல குரோட்டன்ஸ் இருக்கு.

இலையோட கலரைத் தவிர பெருமைப்பட வேறொண்ணும் இல்லாத ஒரு செடி, கண்ணு தெரியாதவர் புத்தகத்துல ஏறி ஐரோப்பாவுக்குப் போச்சுங்கறதை நெனச்சா எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கு.

அப்புறம் 1860-கள்ல லண்டன்ல வீச்னு ஒரு பெரிய நர்சரி குடும்பம். அதுல ஜான் கூல்ட் வீச்ங்கறவரு ஆஸ்திரேலியா, தென்கடல் தீவெல்லாம் சுத்தி குரோட்டன்ஸ் ரகமா அள்ளிட்டுப் போனாரு. அங்க குளிர்ல இது பொழைக்குமா? கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரிச்சு, சூடு ஏத்தி வளத்தாங்க பிரபுக்கள். கரிக்கே எவ்வளவு ஆகியிருக்கும்! அவ்வளவு சீமானா வாழ்ந்த செடிதான் நம்ம தாலுகா ஆபீஸ் வாசல்ல மிச்ச டீ குடிச்சிட்டு நிக்குது.

மாமா விஷயத்துக்கு வரேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு அவரால சும்மா உக்கார முடியல. "ரகக் குணம்னா பதியம் போட்டா அப்படியே வரணும்ல?"ன்னு கேட்டாரு. வரும்னேன். "கத்தி குடு"ன்னாரு.

அவர் போட்ட விண்பதியத்தைப் பாத்துத்தான் எனக்கே ஒரு நுணுக்கம் புரிஞ்சுது. பென்சில் தடிமனுக்குக் கொஞ்சம் மேல இருக்கற கிளையா எடுத்தாரு. ரொம்ப இளசும் இல்ல, முத்தினதும் இல்ல. ஒரு அங்குலத்துக்குச் சுத்தி பட்டையை உரிச்சாரு. நான் இதோட விட்டுடுவேன். அவர் கத்தி முதுகால அந்த எடத்தை வழவழப்பு போற வரைக்கும் சுரண்டினாரு. "இந்தப் பசையை விட்டா பட்டை திரும்ப மூடிக்கும், வேர் விடாது." அப்புறம் வடியற பால் நிக்கற வரைக்கும் காத்திருந்து, ஈரத் துணியால தொடைச்சு, பிழிஞ்ச தேங்கா நாரை வெச்சு, பாலித்தீன்ல ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினாரு. அதுக்குள்ள வெள்ளை வேஷ்டியில ரெண்டு சொட்டுப் பால். அத்தை அன்னிக்கு என்னைப் பாத்த பார்வை இருக்கே. அந்தக் கறை போகாது, தொவைச்சுப் பாத்தாச்சு.

(பால் பத்தி சீரியஸா: தோல்ல பட்டா சிலருக்கு அரிக்கும், கண்ணுல படக் கூடாது, இலையை மென்னா வாய் எரியும், வயித்தைக் கலக்கும். வீட்டுல தவழற குழந்தை, கடிக்கற நாய்க்குட்டி இருந்தா எட்டாத எடத்துல வைங்க. வெட்டறப்ப கையுறை போட்டுக்கங்க, பழைய துணி உடுத்துக்கங்க.)

வேர் பாலித்தீன் வழியா வெள்ளையாத் தெரிய ஆரம்பிச்சதும் கட்டுக்குக் கீழ வெட்டி எறக்கினேன். குச்சி வெச்சு வளத்தா எடுக்கற நேரத்துல பாதிகூட ஆகல, வர்றப்பவே பெரிய செடி. மழைக்காலத்துல போட்டா இன்னும் சுலபம். கல்யாணத்துக்குப் போறப்ப அதைத்தான் எடுத்துட்டுப் போறேன். பஸ்ஸுல எடம் மாறிப் போறதுக்கு எத்தனை இலை கொட்டப் போகுதோ. மாமா வீட்டு வாசல்ல அது நின்னா ஊர்ல எத்தனை பேர் "தேமல்"னு சொல்லுவாங்களோ, அவங்களுக்கெல்லாம் இனிமே மாமாவே பதில் சொல்லிக்கட்டும்.

கடைசியா எனக்கு ஒரு உதவி வேணும். குரோட்டன்ஸ்ல ஒரு விசித்திரமான ரகம் இருக்கு. இலை பாதி தூரம் வந்து நின்னுடும். அப்புறம் வெறும் நடுநரம்பு மட்டும் நூலாட்டம் கொஞ்ச தூரம் போகும். அது முனையில திரும்ப ஒரு குட்டி இலை தொங்கும்! காத்தடிச்சா அந்தக் குட்டி மட்டும் தனியா ஆடும். ஒரு நர்சரியில பாத்தேன். தாய்ச்செடி, விக்கறதுக்கு இல்லன்னுட்டாரு. ஒரு குச்சி கேட்டேன், சிரிச்சாரு. திரும்பப் போனப்ப என்னைப் பாத்ததும் அந்தத் தொட்டியைப் பின்னாடி நகத்தி வெச்சுட்டாரு.

யார் வீட்டுலயாவது இது இருந்தா சொல்லுங்க. பதிலுக்கு, வேர் விட்ட கோல்ட் டஸ்ட் பதியம் இன்னொண்ணு ரெடியா இருக்கு. பெட்ராதான் வேணும்னா அதுவும் தேடித் தரேன், சத்தத்தைப் பொறுத்துக்கிட்டு.